சனிக்கிழமை நாலு மணி ஆட்டம்

கோபம் வந்தால் அவருடைய தமிழ் சுத்தமாகிவிடும். மற்ற நேரங்களில் வங்காளமும் இந்தியும் கலந்துதான் பேசுவார். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழை வீட்டில் மட்டும் கேட்டவர், வேறு எப்படிப் பேச முடியும்? ஆனால் கோபம் வந்துவிட்டால் ஒரு வங்காளச் சொல்கூட வெளியே வராது. குரலும் உயராது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அப்படி அவர் பேசி நான் கேட்டது மிகக் குறைந்த தடவைதான். கேட்ட எல்லாத் தடவைக்கும் காரணம் கால்பந்து லீக் நடத்துகிறவர்கள்.

கார்டன் ரீச்சில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் நான்கு வருஷம் இருந்தேன். அவர் அங்கே தபால் பிரிவில் இருந்தார். என்னைவிட எட்டு, ஒன்பது வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெஹாலாவில் தனியாக ஒரு சின்ன ஃபிளாட். பதவியில் நான் மேலே என்பதால் என்னை 'சார்' என்பார். நான் 'அக்கா' என்பேன். அலுவலகத்தில் மற்ற எல்லாருக்கும் அவர் 'தீதி'.

ஒரு நாளைச் சொல்லிவிட்டால் அவருக்கு அது முடிந்த காரியம். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கோப்பு வரும் என்றால் அன்றைக்கு மூன்று மணிக்கு அது மேஜையில் இருக்கும். ஒரு ஆகஸ்ட் மழையில் பெஹாலா முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றபோது, ஹவுராவில் யாரோ ஒரு பியூன் மகளின் கல்யாணத்துக்கு ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று புறப்பட்டுப் போனார். பாதித் தூரம் நடை, அப்புறம் ஆற்றைக் கடக்கப் படகு. மாப்பிள்ளை வீட்டாரே எட்டு மணிக்குத்தான் வந்தார்களாம். இவர் ஈரப் புடவையோடு காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் என்று அந்தப் பியூன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

என்னிடமும் அது நடந்தது. கல்கத்தா வந்த புதிதில், "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வாங்கக்கா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சொன்னதை மறந்தும் போனேன். அந்த ஞாயிறு நானும் மனைவியும் கடைக்குப் போய்த் திரும்பியபோது எதிர்வீட்டுப் பெண்மணி ஒரு மண்சட்டித் தயிரை நீட்டினார். ஒரு அம்மா வந்து படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மறுநாள் அவர் முன்னால் போய் நின்று என்னென்னவோ உளறினேன்.

"நீங்க சொன்னீங்க சார், நான் வந்தேன். இதுல என்ன இருக்கு" என்றார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு யாரையும் பேச்சுக்காக வீட்டுக்குக் கூப்பிடுகிற பழக்கம் என்னைவிட்டுப் போயிற்று.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கால்பந்து அணி. பெரிய அணி இல்லை. மேல்மட்ட லீக்குக்கு ஒருநாளும் போக முடியாத, கீழ்மட்ட லீக்கில் கடைசி இடத்துக்குப் பக்கத்திலேயே தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு உள்ளூர் கிளப். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர்கள் மைதானம் இருந்ததாம்.

"என்ன பிடிச்சுதுக்கா அதுல?" என்று கேட்டிருக்கிறேன்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம்னு போர்டுல எழுதியிருப்பான். நாலு மணிக்குப் போனா ஆடிண்டிருப்பான். அதுதான் பிடிச்சுது."

அந்த போர்டு காலம் போய்விட்டது. இப்போது நாடு முழுக்கப் போய் ஆட வேண்டிய லீக். ரயிலில் முன்பதிவு இரண்டு மாதத்துக்கு முன்பே திறந்து, திறந்த அன்றைக்கே நிரம்புகிறது. லீக்கோ, அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்பதைப் பத்து நாளுக்கு முன்னால்தான் சொல்கிறது. சொன்னதையும் மாற்றுகிறது. கேட்டால் ஒளிபரப்பு, மைதானம், பாதுகாப்பு, ஏதோ ஒரு காரணம். விமானத்தில் போகிறவர்களுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். இந்த அணியின் பின்னால் ஊர் ஊராகப் போகிறவர்கள் யார்? தையற்காரர், மீன் ஏலக்கடைக் கணக்கர், தனியார் பேருந்து நடத்துநர், ஹவுராவில் லேத் ஓட்டுகிற நிமாய்தா. லீவுக்காக முதலாளியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள். இவர்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தத் தேதிகளைப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தும் அப்படிச் செய்தார்கள் என்றால் அதைவிட மோசம்.

டிக்கெட் எடுப்பதெல்லாம் அக்காதான். அந்த வருஷம் கோழிக்கோட்டில் ஆட்டம் என்று ஒன்பது நாளுக்கு முன்னால் அறிவித்தார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணி. தோற்றால் லீக்கைவிட்டே வெளியேற வேண்டிய நிலை. அக்கா இரண்டு நாள் காலையில் கவுன்டரில் நின்று தத்காலில் ஏழு பேருக்கு நான்கு படுக்கை வாங்கினார். ஏழாவது ஆள் நான். கால்பந்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் நாள் குறித்துவிட்டார், "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டேன், பிறகு மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை கிளம்பினோம். ஏழு பேரும் முறை வைத்துத் தூங்கினோம். நிமாய்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி. அவருக்குக் கீழ்ப்படுக்கை முழுக்கக் கொடுத்தும் அவர் அதில் உட்கார்ந்து டிரம்மை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வண்டி பாலக்காட்டைத் தாண்டும்போது தையற்காரரின் போனில் செய்தி வந்தது. ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நேரம் அதே நான்கு மணி.

எங்கள் திரும்பும் டிக்கெட் ஞாயிறு காலைக்கு. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எந்த வண்டியிலும் இடம் கிடையாது.

அக்கா கல்கத்தாவில் லீக்கின் வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் ஒரு அதிகாரி. சிரித்த குரல். போனிலிருந்து எனக்கும் கேட்டது.

"என்ன செய்யறது தீதி, சேனல்காரங்க கேட்டாங்க. நீங்க போன்லயே பார்க்கலாமே, லைவ் வருது."

"நாங்க ரயில்ல வந்துண்டிருக்கோம். ஏழு பேர்."

"அட்டவணைக்குக் கீழே போட்டிருக்கோமே, மாறுதலுக்கு உட்பட்டதுன்னு. பார்க்கலையா?"

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். நான்கு மணிக்குப் போவோம்" என்றார். சுத்தத் தமிழ்.

போனோம். சனிக்கிழமை நான்கு மணிக்கு அந்த மைதானத்தின் வாசலில் ஏழு பேர், கொடியோடும் டிரம்மோடும். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "களி நாளெ கழிஞ்ஞு", ஆட்டம் நாளை மறுநாள்தான் என்று கையைக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்கள் ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்துவிட்டார். அந்தப் பயணம் முழுக்க எங்களுக்கு மரியாதை செய்த ஒரே ஆள் அவர்தான்.

வெயிலில், காலி மைதானத்துக்கு முன்னால், தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். இடைவேளையும் விட்டோம். யாரும் கோமாளித்தனம் செய்யவில்லை. நிமாய்தா டிரம்மைத் தொடவில்லை. ஐந்தே முக்காலுக்கு அக்கா எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாம வந்தாச்சு" என்றார்.

வெளியே டீக்கடையில்தான் அந்தப் பேச்சு நடந்தது. நிமாய்தாவின் லீவு செவ்வாயோடு முடிகிறது. புதன் காலை லேத் முன்னால் நிற்க வேண்டும். அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தீதி, திங்கக்கிழமை நம்ம பசங்களுக்கு இங்கே ஒரு ஆள்கூட இருக்காது" என்றார்.

"நான் இருக்க முடியாது. புதன்கிழமை ஆபீஸுக்கு வரேன்னு சார்கிட்டயே எழுதிக் குடுத்திருக்கேன்."

"அக்கா, அந்த சார் நான்தானே, நீங்க இருங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு அவரே சொன்னார். "நிமாய்தா, நீங்க இருங்க. ஒருத்தராவது பார்க்கணும். உங்க முதலாளிகிட்ட நான் பேசறேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

திங்கட்கிழமை நான்கு மணிக்கு எங்கள் வண்டி ஒடிசா எல்லைக்குப் பக்கத்தில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. நிமாய்தா போன் செய்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் டிரம் குச்சி. சிக்னல் வந்து வந்து போயிற்று. ஆறு பேரும் அந்தச் சின்னப் போனைச் சுற்றித் தலையைக் குவித்துக்கொண்டிருந்தோம். ஒற்றை டிரம்மின் சத்தம் அவ்வளவு பெரிய மைதானத்தில் எப்படிக் கேட்கும்? தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எழுபதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் அந்த டிரம் நின்றுபோயிற்று. நாங்கள் பயந்துபோனோம். பிறகு நிமாய்தா அழுகிற சத்தம். கோல் போட்டவன் நேராக அவரிடம் ஓடி வந்திருக்கிறான். பின்னாலேயே மற்றவர்களும். அவ்வளவு பெரிய கேலரியில் ஒரே ஒரு ஆள் முன்னால் அணி முழுக்க வந்து நின்றதாம். ஒன்றுக்குப் பூஜ்யம். லீக்கில் தப்பித்துவிட்டோம். அக்கா போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

நிமாய்தாவுக்குத் திரும்ப டிக்கெட் இல்லை. முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு வண்டி மாறி, பாதி வழி கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றபடி வந்தார். வெள்ளிக்கிழமைதான் லேத்துக்குப் போக முடிந்தது. முட்டி வீங்கி, யானைக்கால் மாதிரி இருந்தது. வியாழக்கிழமை கொடுத்திருக்க வேண்டிய வால்வு உதிரிகள் போகவில்லை. ஆர்டர் கைமாறிவிட்டது. முதலாளி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கிய உடனேயே அக்கா அந்தப் பட்டறைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். முதலாளி சரி, சரி என்று கேட்டுக்கொண்டாராம். இப்போது அக்கா நேரிலேயே போனார். நானும் கூடப் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. கையெல்லாம் எண்ணெய், அவரே ஒரு மெஷினில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அச்செடுத்த அட்டவணையை நீட்டி, "இவர் உங்ககிட்ட பொய் சொல்லி லீவு வாங்கலை. தேதியை மாத்தினது அவங்க" என்று வங்காளத்தில் சொன்னார்.

"தெரியும் தீதி. ஆனா என் பார்ட்டிகிட்ட நான் என்ன சொல்ல? ஃபுட்பால் பார்க்கப் போனான்னா? ஒண்ணு செய்யுங்க. தேதியை நாங்கதான் மாத்தினோம்னு அந்த லீக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அதைக் காட்டி ஆர்டரைத் திரும்பக் கேட்டுப் பார்க்கறேன். ஒரு மாசம் அவர் இடத்தை அப்படியே வெச்சிருக்கேன்."

ஒரு கடிதம். இரண்டு வரி. நடந்ததை நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி, லீக் அலுவலகத்துக்கு அக்கா போனார். அதிகாரி டீ வரவழைத்துக் கொடுத்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த வெள்ளி, கேட்டிருக்கிறேன் என்றார். அதற்கடுத்த வெள்ளி, மேலிடத்தில் ஆள் மாறிவிட்டார் என்றார். சில வெள்ளிக்கிழமைகளில் அதிகாரியே இருக்க மாட்டார். தானே வரச் சொல்லிவிட்டு இல்லாமல் போகிறவர். அக்கா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டு வருவார். நான் ஒவ்வொரு வாரமும் பர்மிஷன் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். மாதம் முடிந்தது. முதலாளி இன்னும் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். நிமாய்தா வாடகைக்கு ஒரு டோட்டோ பாட்டரி ரிக்ஷா எடுத்து, அந்த முட்டியோடு, ஹவுரா படகுத்துறையில் சவாரி ஏற்ற ஆரம்பித்தார்.

அக்கா அதற்குப் பிறகும் போனார்.

"இப்ப எதுக்குக்கா?" என்றேன்.

"கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை" என்றார்.

பதினோராவது வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். "தீதி, இப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நீங்களே சொல்லுங்க, குடுக்க முடியுமா?" அதை முதல் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். அந்த மனிதனை நினைத்தால் எனக்கு இப்போதும் கை முறுக்கிக்கொள்கிறது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் கல்கத்தாவிலேயே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. அந்த வாரம் அதே அதிகாரி அக்காவுக்குப் போன் செய்தார். அலுவலகத்தில் அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தீதி, உங்க குரூப் கண்டிப்பா வரணும். கொடி, டிரம் எல்லாத்தோடயும். காமெரா உங்க பக்கம்தான் திருப்பச் சொல்லியிருக்கேன். மூணரைக்கு உட்கார்ந்துடணும்."

"மூன்றரைக்கு வருகிறோம்" என்றார்.

அவர் பேசியது வங்காளம்தான். ஆனால் அந்தக் கோபத் தமிழைப் போலவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு மூன்றே காலுக்கு நான் மைதானத்தில் இருந்தேன். கேலரியில் இரண்டு வரிசைக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். மூன்றரை ஆயிற்று. யாரும் வரவில்லை. மூன்றே முக்கால். கயிற்றுக்குள் தனியாக நின்ற என்னிடம் அதிகாரி வந்து "தீதி எங்கே?" என்றார். நான் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். அவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஒரு டாக்ஸியைப் பிடித்துப் பெஹாலாவுக்குப் போனேன். வழியெல்லாம், கதவை உடைக்க யாரைக் கூப்பிடுவது என்றுதான் யோசித்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கிளப்பின் நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலை சார். போகலை. மத்தவாளையும் வர வேணாம்னுட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

"வரேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சொல்றச்சயே தெரியும், போக மாட்டேன்னு." மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். "காத்திருந்து பார்க்கட்டும்னு நினைச்சேன்."

நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆட்டம் முடிகிற நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, தாங்கமாட்டாமல்தான் என்று நினைக்கிறேன், போனை எடுத்து அந்த அதிகாரியைக் கூப்பிட்டார்.

"நான் வேணும்னுதான் வரலை. உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றார்.

எனக்கு இரண்டடி தள்ளியும் அந்தச் சிரிப்பு கேட்டது. "அட, இதுக்கெல்லாம் போன் பண்ணுவாங்களா தீதி? நடக்கறதுதான். அடுத்த மேட்ச் தேதி வந்ததும் சொல்றேன்."

அக்கா போனைக் கீழே வைத்தார். "அவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை சார்" என்றார். அவர் வாழ்க்கையில் சொல்லியிருந்த ஒரே பொய் அதுவாக இருக்கலாம். அது அந்த ஆளுக்கு உறைக்கக்கூட இல்லை. அதற்காகவே அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "ஹவுராவுக்குப் போகணும். கூட வரேளா?"

படகில் போனோம். துறையில் இறங்கியபோது விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். வரிசையில் நான்காவதாக நிமாய்தாவின் டோட்டோ. அவர் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"நிமாய்தா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னேன். அது நடக்கலை. கடிதம் கிடைக்காது. இதை உங்ககிட்ட நான் வாயால சொல்லவே இல்லை."

நிமாய்தா தலையை ஆட்டினார். "எனக்கு அப்பவே தெரியும் தீதி. முதல் மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?" என்றார் அவர். "நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போயிட்டிருந்தீங்களே."